விளக்கரசி செய்த சத்தியம்

“அம்மா, வாய் அவங்களோடது, குரல் உன்னோடது. அப்போ அந்தச் சத்தியம் யாரோடது?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மாவின் மடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் விளக்கரசி ஒரு பாதாளச் சிறையில் கிடந்தாள். உள்ளங்கையில் தானாக எரியும் சுடரோடு பிறந்தவள், இருட்டில் தவிப்பவர்களுக்கெல்லாம் வழிகாட்டுகிறவள், அந்த மாயாஜாலத் தொடரின் நாயகி. பகைவர்கள் அவளைப் பிடித்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர்கூடத் தராமல் கதவைச் சாத்தியிருந்தார்கள். அப்போது கதவுக்கு அடியில், விரல் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு வழியாக ஓர் ஈரத்துணி மெல்ல உள்ளே வந்தது. சிறையில் தண்ணீர் சுமக்கும் சிறுமி ஒருத்தி, தன் துணியைக் கிழித்து வாளியில் நனைத்து, காவலர்களுக்குத் தெரியாமல் அனுப்பியது. விளக்கரசி அதைப் பிழிந்து குடித்தாள். குடித்துவிட்டுக் கதவோடு உதட்டை வைத்துச் சொன்னாள்.

“ஒரு நாள் இந்தக் கதவுக்குப் பின்னால் நீ நின்றால், உலகமே தடுத்தாலும் நான் வந்து திறப்பேன். இது சத்தியம்.”

தொடர் வேற்று மொழியில் எடுக்கப்பட்டது. நடித்தவள் யாரோ, எந்த ஊரோ. தமிழில் அவளுக்குக் குரல் கொடுத்தவள் அம்மா. யார் குரலில் கேட்டாலும் அந்தக் குரலில் பேசிக் காட்டுவாள் என்பதால் ஒலிப்பதிவுக்கூடத்தில் எல்லோரும் அவளை மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சிறுமிக்கும் அவளே மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, “பயப்படாதீங்கக்கா” என்று பேசியிருந்தாள். சின்ன வேடத்துக்கெல்லாம் தனியாக ஆள் கூப்பிட மாட்டார்கள். தண்ணிக்குட்டி என்று கூடத்தில் செல்லப்பெயர் வேறு அந்தச் சிறுமிக்கு.

“சத்தியம் கதை எழுதினவங்களோடதுடா” என்றாள் மைனா.

“அவங்க எழுதினாங்க. சொன்னது நீதானே?”

பேருந்து ஓட்டிவிட்டு வந்து பக்கத்தில் களைப்பாகச் சாய்ந்திருந்த கணவன் சிரித்தான். “சரியான ஆள்கிட்ட மாட்டிக்கிட்டே. இவளை வக்கீலுக்குப் படிக்க வெச்சுடலாம்.”

மைனாவும் சிரித்தாள். ஆனால் அன்று படுக்கும்முன் கடவுளிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். வாயிலிருந்து போன சொல்லுக்குக் கணக்கு உண்டு என்று நம்புகிறவள் அவள். வில்லிக்குக் குரல் கொடுக்கும் நாட்களில்கூட ஒலிவாங்கியைத் தொட்டு, “இது என் பேச்சு இல்லை, சாமி” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

அதற்குப் பிறகு இரண்டு பள்ளி ஆண்டுகள் ஓடிவிட்டன. தொடரின் புதிய பருவம் தொடங்கவிருந்தது. முதல் அத்தியாயத்தின் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. வெளியே உச்சிவெயில் கொளுத்தினாலும் படி இறங்க இறங்க மார்கழிபோலக் குளிரும். அதற்காகவே மைனா ஒரு பச்சைச் சால்வையைப் பையில் வைத்திருப்பாள். பேசும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு நுரைப்பஞ்சுப் பலகைகள். தரையில் எத்தனையோ பேர் நின்று பேசிய தேய்ந்த கம்பளம். கதவின் விளிம்பில் தடித்த ரப்பர். சாத்தினால் ‘உப்’ என்று காதை அடைக்கும், அதோடு வெளியுலகம் அறுந்துபோகும். ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அப்பால் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்குப் பெயர் கண்ணாடி. “கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணாடி” என்பது அங்கே பழகிச் சலித்த நகைச்சுவை.

“கண்ணாடி, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே மைனா இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை மேஜையில் வைத்தாள். அந்த மனிதர் வேலையில் உட்கார்ந்தால் வயிற்றை மறந்துவிடுவார்.

“நீங்க இருக்கற தைரியத்துலதான்க்கா நான் டப்பாவே எடுத்துட்டு வர்றதில்லை.”

கைப்பேசியையும் அவர் மேஜையிலேயே வைத்தாள். பேசும் அறைக்குள் கைப்பேசி கூடாது, இரைச்சல் பதிவாகும். தண்ணீர் பாட்டிலும் சால்வையும் மட்டும் உள்ளே போகலாம்.

வசனம் எழுதுகிறவர் வாயில் கையை வைத்தபடி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. “பல் டாக்டர் காத்துட்டிருக்கார் மைனா. ஒரே ஒரு வரிதான். முடிச்சுட்டுப் போயிடு.”

“என்ன வரிண்ணே?”

“விளக்கரசி இப்போ கெட்டவளாயிடறா. முதல் அத்தியாயத்துலயே. ஜனங்க ஆடிப் போயிடுவாங்க பாரு. அரியணை கிடைச்சதும் கையில இருக்கற சுடரை அவளே விரலை மூடி அணைச்சுடறா. அந்தப் பழைய சிறையைச் சுவர் வெச்சு அடைக்கச் சொல்றா. உள்ளே தண்ணிக்குட்டி இருக்கு. ‘இந்தச் சிறுமியைத் தெரியுமா அரசி?’ன்னு காவலன் கேக்கறான். இவ, ‘எனக்கு அவளைத் தெரியாது’ங்கறா. அவ்வளவுதான். இருட்டு.”

“திறந்து விடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காளேண்ணே.”

“யாரு?”

“விளக்கரசி. போன பருவத்துல. நான்தானே பேசினேன்.”

“எழுதினவங்களுக்கே ஞாபகம் இருக்காதும்மா. உனக்கென்ன வந்தது? வாயசைவுக்கு வார்த்தை பொருந்துதா, அதைப் பாரு.” கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டார்.

‘உப்.’

கதவு மூடியது. மைனா காதொலிக் கருவியை மாட்டினாள். ஒலிவாங்கியைத் தொட்டு வழக்கமான வார்த்தையை முணுமுணுத்தாள். அறைக்குள் இருந்த சின்னத் திரையில் காட்சி ஓடியது. கருங்கல் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கடைசிக் கல்லுக்கு முன்னால் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு சின்னக் கை. விளக்கரசியின் முகம். அழகான முகம்தான். கண்கள் மட்டும் யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருந்தன. உதடுகள் அசைந்தன.

“எனக்கு அவளைத் தெரியாது” என்றாள் மைனா.

“அக்கா, அழற மாதிரி இருக்கு. இன்னொண்ணு.”

மறுபடி. “கெஞ்சற மாதிரி இருக்கு.” மறுபடி. “இப்போ மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு. அக்கா, அவ கல்லாயிட்டா. கல்லு பேசினா எப்படி இருக்கும்?”

மைனா கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டையில் தேடினாள், கிடைக்கவில்லை. நெஞ்சில் தேடினாள். அதற்கும் கீழே, மகளிடம் எரிந்து விழுந்த காலைகளும், வாசலில் நின்றவர்களைப் பார்க்காததுபோல் கடந்த மாலைகளும் கிடக்கும் இடத்திலிருந்து, அந்தக் குரல் தானாகவே எழுந்து வந்தது. தணிவாக. அவசரமே இல்லாமல்.

“எனக்கு அவளைத் தெரியாது.”

அவளுக்கே சிலிர்த்தது. அதைவிட, அந்தக் குரல் வாயில் எவ்வளவு சொகுசாகப் பொருந்தியது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. குளிர்ந்த கற்கண்டு கரைவதுபோல் இருந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்க்க நாக்கு ஊறியது.

அந்த வரி முடிந்த நொடியில், டொக் டொக் என்று மெதுவாக ஒரு சத்தம்.

“அய்யோ அக்கா, அருமையான டேக். நடுவுல எதையோ தட்டிட்டீங்களே.”

“நான் தட்டலையே. படத்துல இருக்கற சத்தமா?”

“படத்துல இந்த இடத்துல சத்தமே இல்லைக்கா. வெறும் அமைதி.” கண்ணாடி தலையைச் சொறிந்தார். “சரி, முதல்ல அறையோட அமைதியைக் கொஞ்சம் பதிவு பண்ணிடறேன். அசையாம இருங்க.”

அது அந்தத் தொழிலின் வழக்கம். வெறும் அறையின் நிசப்தத்தையும் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். எந்த இரண்டு அறையின் அமைதியும் ஒன்றாக இருக்காது. வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் ஒட்டுப்போட அந்த அறையின் மௌனமே வேண்டும். மைனா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். குளிர்சாதனத்தின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடும் ஓசை கேட்டது. அதற்கும் பின்னால், கடல்சிப்பிக்குள் கேட்பதுபோல, தூரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் ஒன்று இருந்தது. ஈரக்கல்லின் வாடையும் அடைத்து வைத்த கிணற்றின் வாடையும் மூக்கில் ஏறின. இந்த வாடை இங்கே இருந்ததில்லையே என்று நினைத்தாள்.

“அக்கா, மூச்சு விடறீங்க.”

மைனா மூச்சு விடவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல அடக்கிக்கொண்டிருந்தாள்.

“சளி பிடிச்சிருக்கா? மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது. சின்னப் பிள்ளை அழற மாதிரி.”

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பின்சுவர். கறுப்பு நுரைப்பஞ்சு. ஒரு பலகையின் அடியில் கம்பளம் கருத்திருந்தது. செருப்பைக் கழற்றி, கால்விரலால் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது.

“கண்ணாடி, நான் கொஞ்சம் வெளியே வர்றேன்.”

“இருங்கக்கா. ஏசிக் குழாய்தான் எங்கேயோ ஒழுகுது, அந்தச் சத்தம்தான் ஏறுது. நான் மேல போய் அதை நிறுத்திட்டு ஓடி வந்துடறேன்.” அவர் பிஸ்கட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். “கைப்பேசில உங்க பொண்ணு கூப்பிட்டா என்ன சொல்லட்டும்?”

“வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க. என்னைக் கேக்காம கதவைத் திறக்காதேன்னும் சொல்லுங்க.”

கண்ணாடி சிரித்தார். அவருக்கு அந்தக் கதை தெரியும். ஒரு நாள் மைனா வீட்டுக்குப் போய், வேடிக்கைக்காக ஒரு கிழவன் குரலில் கதவைத் தட்ட, மகள் பயந்து அழுதுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். பள்ளியிலிருந்து வந்து மகள் உள்ளே தாழிட்டுக்கொள்வாள். மைனா வாசலில் நின்று தன் சொந்தக் குரலில் பேசினால்தான் தாழ் விலகும். சில நாள் ராட்சசிகளுக்கெல்லாம் கத்திவிட்டுப் போகும்போது சொந்தக் குரல் சட்டென்று அகப்படாது. உள்ளிருந்து அதிகாரம் வரும்: “இது உன் குரல் இல்லை. உன் குரல்ல பேசு.” தொண்டையைச் செருமி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன்னையே வரவழைத்துக்கொண்டு, “நான்தான்டா கண்ணு” என்பாள். அப்புறம்தான் கதவு.

கண்ணாடியின் காலடி படியில் மறைந்தது. குளிர்சாதனம் ஒரு விக்கல் விக்கி நின்றது. அதோடு விளக்கும் போனது.

தவறான சுவிட்சைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். மைனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் தடவிப் பிடித்தாள். கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, எதையும் பிடிக்காமல். தோளால் முட்டினாள். ரப்பர் முனகியது. கதவு அசையவில்லை. கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். அந்தக் கண்ணாடி இரண்டு தகடு, நடுவில் காற்று. அவள் தட்டிய ஓசை அவளுக்கே கேட்கவில்லை. கத்திப் பார்க்கலாம். இந்த அறையில் கத்தினால் யாருக்கும் கேட்காது. அதற்காகவே கட்டிய அறை.

சின்னத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மின்சாரம் இல்லாமல் அது எப்படி எரிகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை. திரையில் விளக்கரசியின் முகம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உதடுகள் மூடியிருந்தன. அந்த நீல வெளிச்சத்தில் நுரைப்பஞ்சின் மேடுகளெல்லாம் நிழல் பிடித்து, சுவர் முழுக்க ஆயிரம் சின்ன வாய்கள் திறந்திருப்பதுபோல் தெரிந்தது.

காதொலிக் கருவியில் குரல் வந்தது. “எனக்கு அவளைத் தெரியாது.”

பதிவு தானாக ஓடுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

“எனக்கு அவளைத் தெரியாது.” மைனாவின் குரல். கல்லான குரல். “எனக்கு யாரையும் தெரியாது.”

அந்த இரண்டாவது வரியை மைனா பேசவேயில்லை.

திரையைப் பார்த்தாள். உதடுகள் மூடித்தான் இருந்தன. ஆனால் முகம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. கொஞ்சம் கிட்டே. வீட்டுக் கதவின் துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பவர்களைப்போல.

டொக் டொக்.

இப்போது காதொலிக் கருவியில் இல்லை. முதுகுக்குப் பின்னால்.

“அக்கா.”

அவளுடைய குரல்தான் அதுவும். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு பேசிய அந்தக் குரல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில் பேசி, தேநீர் குடித்து, மறந்தும்போன குரல்.

“அக்கா, சுவரை அடைச்சுட்டாங்க. தண்ணி ஏறுது.”

மைனா காதைப் பொத்தினாள். காதொலிக் கருவியின் மேலேயே அழுத்திப் பொத்தினாள். கண்ணாடி வந்துவிடுவார். ஓடி வந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும். விளக்கு வரும். இது கதை. யாரோ எழுதின கதை.

“நீங்க சொன்னீங்களேக்கா.”

நான் சொல்லவில்லை. எழுதினவர்கள் சொன்னார்கள்.

*அவங்க எழுதினாங்க. சொன்னது நீதானே?*

மடியில் காலை நீட்டிக்கொண்டு கேட்ட மகளின் முகம் இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. அன்று பதில் சொல்லாமல் சிரித்துவிட்டோமே என்று மைனா நினைத்தாள். கேட்டது குழந்தை, ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. தாகத்தில் கிடந்தவளுக்கு ஒரு துணி ஈரம் கொடுத்த கை அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அது கதையில் வந்த கையா, நிஜக் கையா என்று தரம் பிரிக்க இதுவா நேரம்?

“சாமி, கூட இரு” என்றாள்.

பின்சுவரின் நுரைப்பஞ்சைப் பிடித்து இழுத்தாள். பசை விட்டுக் கிழிந்து வந்தது. அடியில் சிமெண்டு இருக்க வேண்டும். இல்லை. ஈரமான மரப்பலகை. நகத்தில் சேறு ஏறியது. தடவிக்கொண்டே போன விரலில் இரும்புத் தாழ் ஒன்று தட்டுப்பட்டது. பனிக்கட்டி.

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் திரையின் வெளிச்சம் மெல்லக் கூடிக்கொண்டிருந்தது. யாரோ விளக்கோடு நெருங்குவதுபோல. ஆனால் விளக்கரசிதான் தன் சுடரை அணைத்துவிட்டாளே.

வாயைத் திறந்தாள். விளக்கரசியின் பழைய குரலைத் தேடினாள், அந்தச் சுடர் இருந்த காலத்துக் குரலை. அது இன்னும் இருந்தது. நடுங்கிக்கொண்டு, ஆனால் இருந்தது.

“பயப்படாதே. திறக்கிறேன்.”

தாழ் விலகியது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. இருட்டு. கிணற்று வாடை முகத்தில் அறைந்தது. ஒரு சின்னக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர். எலும்புவரை குளிர். இழுத்தாள், வரவில்லை, குழந்தையின் கால் சேற்றில் புதைந்திருந்தது. மைனா மண்டியிட்டாள். குனிந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். உள்ளே தரை இடுப்பளவு பள்ளம், முழங்கால்வரை தண்ணீர். இன்னொரு காலையும் வைத்தாள். காதொலிக் கருவியின் வயர் அவள் பின்னால் பாம்புபோல் நீண்டு வந்தது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். எடையே இல்லை, நனைந்த துணி மூட்டைபோல. முகம் தெரியவில்லை. குளிரில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சைச் சால்வையைக் கழற்றி அந்த உடம்பில் சுற்றினாள். வாசலோரம் கைக்கு எட்டிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் திணித்தாள். “போ. கண்ணாடிப் பக்கமா ஒரு மாமா வருவார். நல்ல மனுஷன். போடா கண்ணு” என்று வாசலுக்கு அப்பால் இறக்கி விட்டாள்.

குழந்தை வெளியே போய்விட்டது.

மைனா தலையை நிமிர்த்தினாள். வாசலில் யாரோ நின்றிருந்தார்கள். நீல வெளிச்சம் பின்னால் இருந்ததால் உருவம் மட்டும் தெரிந்தது. உயரம் மைனாவின் உயரம். கொண்டையும் மைனாவின் கொண்டை. கதவில் பதிந்திருந்த கையில் மட்டும் அரியணைக் காட்சியில் பார்த்த கருங்கல் மோதிரங்கள். உள்ளங்கையில், சுடர் இருந்த இடத்தில், கரிந்த ஒரு வட்டம்.

“வேண்டாம்” என்றாள் மைனா.

‘உப்.’

இருட்டு. தாழ் விழும் ஓசை.

அடித்தாள். கத்தினாள். நகம் கிழிந்தது. தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. கதவின் அடியில் மட்டும், வயர் நசுங்கிக் கிடந்த இடுக்கில், நூல்போல வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் அந்த நூல் மஞ்சளானது. விளக்கு வந்துவிட்டது.

காதில் கண்ணாடியின் குரல் கேட்டது. வயர் அறுந்திருக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்கக்கா, தப்பான சுவிட்சைத் தட்டிட்டேன். பயந்துட்டீங்களா? ஹெட்போன் எங்கே? கழட்டிட்டீங்களா?”

“வேண்டாம். எனக்கு நன்றாகவே கேட்கிறது” என்றது அந்தக் கல்லான குரல்.

“கண்ணாடி!” என்று மைனா அலறினாள். “கண்ணாடி, நான் இங்கே இருக்கேன்! சுவருக்குப் பின்னாடி!”

“என்னக்கா, யாரோ கூப்பிடற மாதிரி இல்லை?” பொத்தானை அழுத்தும் ஓசை கேட்டது. “சரி, ஒரு தடவை போயிடலாம். ஓடுது.”

அந்தக் குரல் வந்தது. அவசரமே இல்லாமல்.

“எனக்கு அவளைத் தெரியாது.”

“அய்யோ!” கண்ணாடி கைதட்டினார். “இதுக்குத்தான்க்கா மைனாங்கறது. ரோமமெல்லாம் நின்னுடுச்சு. முடிஞ்சது, கிளம்புங்க. உங்க பொண்ணு கூப்பிட்டுட்டே இருக்கா. இந்தாங்க, பேசுங்க. ஒலிபெருக்கில போடறேன், நான் வயரைச் சுருட்டணும்.”

மைனா மூச்சை அடக்கினாள். அறையின் மௌனத்தைப் பதிவு செய்யும்போது அடக்குவதுபோல.

“அம்மா?” மகளின் குரல், தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோலச் சின்னதாக. “எப்போ வருவே? பசிக்குது.”

“இதோ வருகிறேன், கண்ணே. நீ கதவைத் திறந்து வை.”



“அம்மா, ஏன் விளக்கரசி மாதிரி பேசறே?”

“இதுதான் என் குரல்.”

“இல்லை.” குழந்தையின் மூச்சு கேட்டது. பிறகு, வீட்டுச் சட்டம் சொல்லும் அதே அதிகாரத்தோடு, ஆனால் நடுங்கிக்கொண்டு, “இது உன் குரல் இல்லை. உன் குரல்ல பேசு.”

“திறக்காதே!” என்று கத்தினாள் மைனா. “கண்ணு, திறக்காதே! நான் வந்து பேசறவரைக்கும் திறக்காதே!”

யாரோ வயரை இழுத்தார்கள். அவள் காதிலிருந்து கருவி பறிபோய்த் தண்ணீரில் விழுந்து, இடுக்கில் சிக்கி, அறுந்தது. அதன்பிறகு ஒலி இல்லை. பெரிய கதவு திறந்து மூடியது மட்டும் காற்றின் அழுத்தமாகக் காதில் தெரிந்தது. ஒரு சோடிக் காலடி படியேறிப் போவது கல்லின் அதிர்வாக நெற்றியில் தெரிந்தது. மஞ்சள் நூல் அணைந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கத்தி ஓய்ந்து, தொண்டை கிழிந்து, குரல் முழுக்கத் தீர்ந்துபோனது. தண்ணீர் இடுப்பில் வந்து நின்றது. கருத்த தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பும் துருவும். நாக்கு மரக்கட்டையானது. மைனா கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராத உதட்டால் மகளுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். தனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், ஈரமான சின்னப் பாதங்கள் கம்பளத்தில் ஒட்டி ஒட்டி விலகும் ஓசை கேட்டது. வந்து நின்றன. தாழைத் தொடவில்லை, எட்டாது போலும். ஒரு பாட்டிலின் மூடி திருகும் சத்தம். துணி கிழியும் சத்தம்.

யாரும் இல்லாத அந்த அறையிலிருந்து, வயர் போன இடுக்கு வழியாக, ஏதோ ஒன்று தண்ணீருக்குச் சற்று மேலே அவள் விரலைத் தேடி வந்து தொட்டது. மைனா அதைத் தூக்கி உதட்டில் வைத்துப் பிழிந்தாள். சுவர்களுக்குள் எங்கும் இல்லாத, நல்ல தண்ணீர்.

பச்சைச் சால்வையின் ஒரு முனை.